எழுத்துத் தெரியாத பிரபுவும் உன் தகப்பனும்

தம்பி,

நீ அல்பெர்கேரியாவில் நாம் இருந்த அறையை விட்டுப் போய் இன்றைக்குப் பன்னிரண்டு நாள். பலேர்மோவின் மற்றப் பக்கம், பிரான்காச்சோவில் நாலு பெடியளோடு ஒரு வீட்டில் இருக்கிறாய், கலியாண உடுப்புத் தைக்கக் கொடுத்தாயிற்று என்பதெல்லாம் பல்லாரோ சந்தையில் மரக்கறி வாங்கும்போது மற்ற ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உங்கடை மருமோன் நல்லா மெலிஞ்சு போனார் அண்ணை" என்று ஒரு மனுசி சொன்னாள். மருமகன் என்று அவள் சொன்னதற்கு நான் தலையை ஆட்டிவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் கலியாண ஓலையை, இன்னாரின் மகன் இன்னாரைக் கட்டப்போகிறான் என்ற அறிவித்தலை, முதல் தரம் வாசிக்கப்போகிறார்கள். அதற்கு முன்னம் இதை நீ வாசிக்க வேண்டும். தபாலில் போட்டால் ஒரே ஊருக்குள் ஒரு கிழமை எடுக்கிற நாடு இது. அதனால் பஸ்ஸில் வந்து உன் கதவுக்குக் கீழால் நானே தள்ளிவிட்டுப் போவேன். உறையை ஒட்டவில்லை. உன்னோடு இருக்கிற பெடியளும் வாசிக்கட்டும், நாலு பேருக்குச் சொல்லட்டும். ஒளித்தது போதும்.

நான் செய்தது என்ன என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு சுற்றிவளைத்தேன் என்று சொல்லாதே. அம்மா செத்து நாலு வருடத்தில், உன் பத்தாவது வயதில், மன்னாரில் பெரியம்மாவிடம் உன்னை விட்டுவிட்டு வந்தேன். இருபது வயதில் நீ எத்தனையோ நாடு கடந்து பலேர்மோ ரயில் நிலையத்தில் வந்து இறங்கினாய். அங்கே உன்னைக் கட்டிப்பிடித்த கையோடு நான் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, இஞ்சை ஆரும் கேட்டால் நான் உனக்கு மாமா. அப்பா எண்டு கூப்பிட்டிடாதை." நீ தோளில் கிடந்த பையைக்கூட இறக்கவில்லை. "வீட்டுக்குள்ளையுமோ?" என்று கேட்டாய். "வீட்டுக்குள்ளையும்தான். பழகினால்தான் வெளியிலை வாய் தவறாது" என்றேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு எனக்கு. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நீ என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இஞ்சை பாருங்கோ", "கேக்குதோ" என்றே சமாளித்தாய். அதை நான் கவனிக்காத மாதிரி நடித்தேன்.

போன மாதம் உன் ஞானஸ்நானப் பத்திரம் மன்னாரிலிருந்து வந்தது. தகப்பன் என்ற இடத்தில் என் பேர். கோயிலில் கட்டினாலும் கலியாணக் கடதாசி நகரசபைக்குப் போகும், அங்கே ஒருவன் இந்தப் பேரைப் பொலிஸ் கந்தோர் கொஸ்தூராவில் இருக்கிற என் கோப்போடு பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். அதனால் உன்னிடம் சொன்னேன், "தேப்பன் காலஞ்சென்றவர் எண்டு போடு. என்ரை பேரிலை மன்னாரிலை ஒழுங்கைக்கு ஒராள் இருக்கினம், ஆருக்குத் தெரியப்போகுது?" நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "சரி மாமா" என்றாய். முதல் தரமும் கடைசித் தரமும் அப்போதுதான். உடுப்பைச் சுருட்டிக்கொண்டு போனாய். உயிரோடு இருக்கிற தகப்பன் தன் பிள்ளையைப் பார்த்து, நான் செத்துப்போனேன் என்று எழுதச் சொன்ன கதையை நான் வேறு எங்கேயும் கேட்டதில்லை.

இப்போது உனக்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்காதே. அவர் செத்து எழுநூறு வருடத்துக்கு மேல். நான் வேலை செய்கிற வீட்டு புரொபெஸோரெஸ்ஸாவை நீ ஒரு தரம் கண்டிருக்கிறாய். சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்ற மனுசி. அந்த வீட்டில் ஒரு அறை முழுக்க, கூரை முட்ட, ஒரே ஒரு ஆளைப் பற்றிய கடதாசிதான். இப்போது பெல்ஜியம் என்கிறார்களே, அந்த நாட்டின் கரையோரம் அப்போது பிளாண்டர்ஸ் என்ற தேசம். அங்கே பிறந்த ஒரு பிரபு. மனுசி அவரை "குவால்தியெரோ" என்று, மேல்மாடியில் குடியிருக்கிற ஆளைச் சொல்கிற மாதிரிச் சொல்லும். அவர் எங்கே போனார், எந்தக் குதிரையில் போனார், எந்தக் காய்ச்சலில் படுத்தார் என்று முப்பது வருடமாகத் தேடி எழுதி வைத்திருக்கிறது. கண் மங்கிவிட்டதால், மத்தியானக் கோப்பைகளைக் கழுவி வைத்த பிறகு அந்தக் குறிப்புகளை நான்தான் சத்தமாக வாசிக்க வேண்டும். முதல் மாதம் நான் வாசித்த இத்தாலியனுக்கு மனுசி தலையில் அடித்துக்கொண்டது. எனக்கும் கோபம்தான். தூசி தட்ட வந்தவனை வாத்தியாராக்கினால் வேறு எப்படி வரும்? ஆனால் போகப் போக அந்த மனிதர் என்னைப் பிடித்துக்கொண்டார். கோப்பையை அவசரமாகக் கழுவிவிட்டு நானே போய்க் கதிரையை இழுத்துப் போட ஆரம்பித்தேன்.

அவர் பிறந்த இடம் நம்முடைய மன்னார் மாதிரித் தட்டை நிலம். கடலைவிடப் பதிவான தாழ்நிலம். அணை கட்டித்தான் வயலைக் காப்பாற்ற வேண்டும். ஏழு வயதில் தாயிடமிருந்து பிரித்து இன்னொரு பிரபுவின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அது அவர்களுடைய வழக்கம். அங்கே குதிரை லாயத்தில் வைக்கோல் அள்ளுவதில் தொடங்கி, மேசையில் இறைச்சி வெட்டிப் பரிமாறப் பழகி, மரக்குதிரையில் ஏறிப் பழகி, பதினைந்து வருடம் கழித்துத்தான் இடுப்பில் வாள் கட்டினார்கள். அந்த இரும்புச் சட்டையை உடம்பில் போட்டால் எழும்பி நடக்கவே தனிப் பழக்கம் வேண்டுமாம். அதைப் போட்டுக்கொண்டு, பிரெஞ்சு ராசாவின் தம்பிக்காகப் படையோடு பனிமலை கடந்து இந்த இத்தாலிக்கு வந்தார். வழியில் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. ஒரு ஆற்றுப் பாலத்தடிச் சண்டையில் அவருக்குக் கீழே இருந்த குதிரை விழுந்து, கால் நசுங்கி, அந்தக் காலோடு எழும்பி மறுபடி நின்றிருக்கிறார். இதை வாசித்த அன்று நான் கடதாசியைக் கீழே வைத்துவிட்டு "மடோன்னா!" என்று கத்திவிட்டேன். மனுசிக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. "பார்த்தாயா?" என்று ஏதோ தன் சொந்தத் தம்பி வென்றுவந்த மாதிரி மேசையில் தட்டியது. கடைசியில் இந்தத் தீவின் நடுவில், மலையில் ஒரு சின்னக் கோட்டையை அவருக்குக் காவல் காக்கக் கொடுத்தார்கள். வருடக்கணக்காக இங்கேயே இருந்தார். நான் இருக்கிற மாதிரி.

அவரைவிட அவருடைய மனைவியை நினைத்துத்தான் நான் பல நாள் வாயைப் பிளந்தேன். மார்கெரித்தா என்று பேர். புருசன் தூர தேசத்தில். ஒரு மாரியில் கடல் அணையை உடைத்து வயலுக்குள் வந்தபோது, வேலையாட்களோடு சேற்றில் இறங்கி நின்று, அடைக்கும் வரை கரைக்கு ஏறவில்லையாம். புருசனின் தம்பி, அண்ணன் திரும்பி வரமாட்டான் என்ற துணிவில், ஆயுதத்தோடு ஆள் கூட்டிக்கொண்டு வீட்டைப் பிடிக்க வந்தான். அவள் வாசல் பாலத்தைத் தூக்கச் சொல்லிவிட்டு, கைக்குழந்தையோடு மதிலில் ஏறி நின்று, "உன் அண்ணனின் மகன் மேல் அம்பு விட வேண்டுமென்றால் விடு" என்று அம்புக்காரருக்கு நடுவில் நின்ற அவனைப் பார்த்துச் சொன்னாள். அவன் திரும்பிப் போய்விட்டான். உன் பெரியம்மாவை எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஷெல் விழுகிற நாட்களில் உன்னையும் இழுத்துக்கொண்டு கோயில் கோயிலாக ஓடினவள். அவளுக்கு நான் ஒரு நாளும் நன்றி என்று ஒரு வரி எழுதவில்லை. காசு அனுப்பினால் போதும் என்று நினைத்த மொக்கன் நான். கட்டப்போகிற பிள்ளை ஜெசிந்தாவிடம் நீ அப்படி இருந்துவிடாதே. உனக்காக அவள் செய்வதை அவள் காது கேட்கச் சொல்லு.

போன வியாழக்கிழமைதான் மனுசி நான் இதுவரை தொடாத ஒரு கடதாசிக் கட்டை எடுக்கச் சொன்னது. பிரபு போருக்குப் புறப்படுவதற்கு முன்னம் எழுதுவித்த காணி உறுதி அது. தன் ஆத்துமத்துக்காக ஒரு புல்வெளியை மடத்துக்குக் கொடுக்கிறார். அந்தக் காலத்தில் குடும்பத்துக் காணியைத் தகப்பன் தன் பாட்டில் கொடுத்துவிட முடியாதாம். மனைவி, பிள்ளைகள் எல்லோரும் கோயிலில் வந்து நின்று சம்மதம் சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் பேரையும் எழுதி, எல்லோருக்கும் முன்னால் உரத்து வாசிக்க வேண்டும். தொட்டில் பிள்ளையைக்கூடத் தூக்கிவந்து அதன் கையை உறுதி எழுதிய தோலில் தொட வைப்பார்களாம். சில இடங்களில், பிற்காலம் ஞாபகம் இருக்கட்டும் என்று சின்னப் பிள்ளைகளின் காதைப் பிடித்துத் திருகிவிடுவதும் உண்டு என்று சொல்லி மனுசி சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு வாசித்தேன். "என் மனைவி மார்கெரித்தாவும், என் மூத்த மகனும், இரண்டாவது மகனும், என் இரண்டு பெண்பிள்ளைகளும்" என்று வந்து, அடுத்த வரியில், "கலியாணத்துக்கு முன்னம் எனக்குப் பிறந்த என் மகன் ஜொவான்னியும்" என்று இருந்தது.

நான் நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு அந்தக் காணியில் ஒரு பிடி மண்கூட உரிமையில்லை என்று மனுசி விளக்கியது. அவனுடைய சம்மதம் யாருக்கும் தேவையில்லை. பேரை விட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள், மனைவியின் ஆட்களுக்கும் சந்தோசமாக இருந்திருக்கும். அவளிடம் கேட்டு, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மடத்துச் சாமிமார், மற்றப் பிரபுக்கள், குதிரைக்காரர் எல்லோருக்கும் முன்னால் இவனும் என் மகன் என்று வாசிக்க வைத்திருக்கிறார். இத்தனைக்கும் மனிதருக்கு எழுத வாசிக்கத் தெரியாது, தம்பி. எழுதியவர் ஒரு சாமியார். இவர் மெழுகில் முத்திரை குத்தினார், அவ்வளவுதான். அந்த ஒரு வரி எழுநூறு வருடம் நெருப்புக்கும் எலிக்கும் தப்பி, ஒரு பிரதியாகி, ஒரு கிழவியின் குறிப்பாகி, மன்னாரில் பிறந்த ஒருவனின் வாயால் பலேர்மோவில் சத்தமாக வாசிக்கப்படுகிறது. எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. பயமாகவும் இருந்தது. பத்தாம் வகுப்புப் படித்த நான், எனக்கு முறையாகப் பிறந்த ஒரே பிள்ளையை எழுதாமல் விட்டவன்.

அது எப்படி நடந்தது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. நான் இங்கே வந்து சேர்ந்த முதல் வீட்டு எசமானி சிஞ்ஞோராவுக்கு, வீட்டிலேயே தங்கி நிற்கிற, குடும்பம் இல்லாத ஆள் வேண்டும். குடும்பக்காரன் லீவு கேட்பான், அழுவான் என்று அவவுக்கு எண்ணம். "குடும்பம்?" என்று கேட்டா. "இல்லை" என்றேன். வேலை கிடைத்தது. பிறகு எல்லோருக்கும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கொடுக்கத் தொடங்கியபோது, கொஸ்தூராவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் அவதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் "பிள்ளைகள்?" என்று கேட்டான். சிஞ்ஞோரா என் பக்கத்தில் நிற்கிறா. முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது தரமும் "இல்லை" என்றேன். அவன் ஒரு கோடு இழுத்தான். அந்தக் கோடுதான் நீ. உனக்குப் பதினெட்டு ஆகும் முன்னம் முறைப்படி கூப்பிட்டிருக்கலாம். "பிள்ளை இல்லை என்றவனுக்கு எங்கேயிருந்து பிள்ளை?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் ஒவ்வொரு வருடமும் கடத்தினேன். அதனால்தான் நீ களவாக, பட்டினியோடு, கண்ட கண்ட காட்டுக்குள்ளால் வந்தாய். உன்னைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரனைத் திட்டி நான் போட்ட சத்தமெல்லாம் நடிப்பு. திட்டு வாங்க வேண்டியவன் நான்.

"ஏன் நிப்பாட்டினாய்?" என்று மனுசி கேட்டது. "எனக்கு ஒரு மகன் இருக்கிறான்" என்றேன். பலேர்மோவில் இந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தரம், அதுவும் இத்தாலியனில். மனுசி எனக்கு ஆறுதல் சொல்லும் என்று நினைத்தாயோ? கைத்தடியால் நிலத்தில் குத்திக்கொண்டு கத்தியது. "இத்தனை வருடம் என் குசினியில் இருந்து சாப்பிட்டாய், என் தங்கச்சியின் செத்தவீட்டுக்கு வந்தாய், மகன் இருக்கிறான் என்று சொல்லவில்லையா? அன்றைக்கு மருமகன் என்று கூட்டிவந்தாயே, அவனா?" ஓம் என்றேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு உன் பேரைக் கேட்டது. சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தது, இரண்டு தரம் பிழையாக, மூன்றாம் தரம் சரியாக. பிறகு கோபம் ஆறாமலே, "அடுத்த கட்டை வாசி" என்றது.

அடுத்த கட்டில் அந்த ஜொவான்னி இருந்தான். தகப்பனோடு இந்தத் தீவுக்கு வந்து, தகப்பனுக்குப் பக்கத்தில் சண்டை பிடித்தவன் அவன்தான். பிரபு வாளாலும் சாகவில்லை, அம்பாலும் சாகவில்லை. கோடைக் காய்ச்சலில் படுத்துப் போய்விட்டார். அந்தக் காலத்தில் தூரத்தில் செத்த பெரிய மனிதரை ஊருக்குக் கொண்டுபோக ஒரு வழி இருந்ததாம். உடம்பைப் பெரிய பாத்திரத்தில், வைனும் தண்ணீரும் விட்டுக் காய்ச்சி, எலும்பை மட்டும் பிரித்து எடுப்பார்கள். அதை வேறு ஆளிடம் விடாமல் மகனே செய்தான் என்று எழுதியிருக்கிறது. தோல் பையில் போட்டு, தகப்பன் வந்த அதே வழியால், கடல் கடந்து, பனிமலை கடந்து, அந்தத் தட்டை நிலத்துக்குக் கொண்டுபோய் மார்கெரித்தாவின் கையில் கொடுத்தான். அவள் அவனுக்கு ஒரு ஆலையும் ஒரு வீடும் எழுதி வைத்தாள். அந்த உறுதியிலும் அவன் பேர் "என் பிரபுவின் மகன்" என்றே இருக்கிறது. ஒரு மனிதர் ஒரு நாள் கோயிலில் வாயைத் திறந்து சொன்ன ஒரு பேர், இரண்டு பேரின் ஆயுளுக்கு இவ்வளவு செய்யுமா என்று நான் இன்னமும் அதிசயப்பட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு நீ எதுவும் சுமக்க வேண்டாம், தம்பி. அதற்காக இதை எழுதவில்லை.

இன்றைக்குக் காலமை தமிழ்ப் பூசை வைக்கிற சுவாமியிடம் போனேன். பொய்யை அழிப்பிக்க வேண்டும் என்று போனேன். "சுவாமி, என்ரை... அந்தத் தம்பியின்ரை கலியாணப் படிவத்திலை ஒரு பிழை இருக்கு" என்று இழுத்தேன். சுவாமி உன் கலியாணக் கோப்பை எடுத்து விரித்தார். தகப்பன் பேர் என்ற இடத்தில் உன் கையெழுத்தில் என் முழுப்பேர். பக்கத்தில் "உயிரோடு உள்ளார் / காலஞ்சென்றவர்" என்று அச்சடித்திருக்கிறது, ஒன்றை வெட்டிவிட வேண்டும். தாயின் வரியில் நீ வெட்டியிருந்தாய். என் வரியில் இரண்டும் அப்படியே கிடந்தன.

"நான் கேட்டனான் அண்ணை, ரெண்டிலை ஒண்டை வெட்டும் தம்பி எண்டு," என்றார் சுவாமி. "'அதை அவரே வந்து வெட்டட்டும்' எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போயிட்டார். ஆர் அவர் எண்டு எனக்கு விளங்கேல்லை. வராட்டில் என்ன செய்யிறது எண்டு கேட்டன். 'வராட்டில் செத்தவர் எண்டே வாசியுங்கோ' எண்டார்."

"நான்தான் சுவாமி அவர்" என்றேன். "நான் மாமா இல்லை. தேப்பன்." சுவாமி என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், பேனையை நீட்டினார். காலஞ்சென்றவர் என்றதை நான் வெட்டினேன். கோடு கோணலாகப் போய்விட்டது. பக்கத்தில் கையொப்பம் வைக்கச் சொன்னார், வைத்தேன். வெளியே வந்து கோயில் படியில் இருந்து அழுதேன். வெட்கமும் இருந்தது. ஆனால் எனக்குள்ளே ஒரு ஆறுதலும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை கொஸ்தூராவுக்குப் போய், முன்னம் சொன்னது பொய், எனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். ஒன்றும் செய்யமாட்டார்கள் என்கிறார் ஒருவர், பெர்மெஸ்ஸோவைப் பறித்துத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்கிறார் இன்னொருவர். உன் கலியாணத்துக்கு முன்னம் அப்படி ஏதும் நடந்தால், என்னைப் பார்த்துக்கொண்டு நீ நிற்க வேண்டாம், கோயிலுக்குப் போய்க் கட்டு. இதையெல்லாம் ஜெசிந்தாவிடமும் அவளுடைய தாய் தகப்பனிடமும் நீயே சொல்லிவிடு, அல்லது கூப்பிடு, நான் வந்து சொல்கிறேன். சின்ன "இல்லை" ஒன்றை ஒரு நாளும் அவளிடம் சொல்லாதே. அது தன் பாட்டில் வளரும், உனக்குத் தெரியாமலே வளரும்.

ஞாயிறு பூசை பத்து மணிக்கு. பிரசங்கம் முடிந்ததும் ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமி கேட்கும்போது சனம் திரும்பி என்னைப் பார்க்கும், குசுகுசுக்கும். குசுகுசுக்கட்டும். நான் முன் வரிசை வாங்கில் இருப்பேன். நீ வந்து எங்கே இருக்கிறாய், என்னோடு கதைக்கிறாயா இல்லையா, என்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறாய் என்பதெல்லாம் உன் விருப்பம், நான் கேட்கமாட்டேன். அன்றைக்கு உன் பேரோடு வாசிக்கிற தகப்பன் உயிரோடு இருக்கிறான். அவன் எழும்பி நிற்பான்.

அப்பா